ஈச்சந்தோணாவில் இல்லாத பதினொரு பேர்

யாரையும் நம்புவதில்லை என்று இராசாத்தி முடிவெடுத்து ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகியிருந்தன. அதற்குச் சான்றிதழும் வைத்திருந்தாள். வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ளகக் கணக்காய்வு என்று புதிதாகத் தொடங்கிய ஒரு வருடப் படிப்பில் பதினெட்டுப் பேர் சேர்ந்தார்கள், பதினெட்டுப் பேரும் தேறினார்கள், பதினேழு பேர் வேலையில்லாமல் வீட்டில் இருந்தார்கள். பதினெட்டாவது ஆள் இவள்.

விரிவுரையாளர் முதல் நாளே மூன்று வரிகளைப் பலகையில் எழுதிப் போட்டார். கண்ணால் பார். சோதிக்கப்படுகிறவன் சொல்லும் நேரத்துக்குப் போகாதே. மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேள், மூன்று வாயும் ஒன்றையே சொன்னால் அது சான்று. இராசாத்தி அதைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி, கீழே இரண்டு கோடு கீறினாள். சாமி படத்துக்குப் பூ வைக்க மறந்தாலும் மறப்பாள், அந்த மூன்று வரியை மறக்க மாட்டாள்.

தாய் சின்னத்தங்கத்துக்கு இந்தப் படிப்பு தொடக்கத்திலிருந்தே பிடிக்கவில்லை. ஆசிரியர் என்றால் விளங்கும், தாதி என்றால் விளங்கும். ஒரு கந்தோருக்குள்ளேயே இருந்துகொண்டு அந்தக் கந்தோர் ஆட்களைச் சந்தேகப்படுவதற்கு யார் வேலை தருவார்கள்?

"ஆக்கள உளவு பாக்கிற படிப்பா மனே இது?" என்று கேட்டாள். "செங்கலடிச் சந்தையில மூண்டு பேர் என்னட்டக் கேட்டுட்டாளுகள், உன்ட மகள் ஆருக்குக் கணக்கெடுக்கிறாள் எண்டு."

"கந்தோருக்குத்தான் அம்மா."

"அதத்தான் நானும் சொன்னன். அவளுகள் நம்பல்ல."

நம்பாததில் அதிசயம் ஒன்றுமில்லை. கடல் ஊருக்குள் ஏறி வந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. சமாதானம் என்பது காகிதத்தில் இருந்தது. வீதியில் ஆட்களைத் தூக்கிக்கொண்டு போகும் வெள்ளை வான் இருந்தது. தேநீர்க் கடையில் பக்கத்து மேசைக்காரன் பேப்பரைப் புரட்டினால், இவன் உண்மையாகவே வாசிக்கிறானா என்று இன்னொருவன் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் காலத்தில் சந்தேகப்படுவதற்கு வளாகத்தில் ஒரு வருடம் படிக்கவேண்டுமா என்று கேட்டால் அதுவும் நியாயமான கேள்விதான்.

ஆனால் வேலை கிடைத்துவிட்டது. மட்டக்களப்பு நகரத்தில் ஓர் உதவி நிறுவனம், மூன்று மாதத்துக்குப் பரீட்சார்த்தமாக. முதல் பரிசோதனையை ஒழுங்காகச் செய்து காட்டினால் நிரந்தரம். கூடப்படித்த பதினேழு பேரும் ஒருவர் மாறி ஒருவர் வந்து, "நீ நிண்டுட்டாய் எண்டா எங்களுக்கும் கதவு திறக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தப் படிப்புக்கு இந்த மாவட்டத்தில் விலை இருக்கிறதா இல்லையா என்பது இவளுடைய ஒரு அறிக்கையில் தொங்கிக்கொண்டிருந்தது. இராசாத்திக்கு அதில் பயமும் இருந்தது, கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

முதல் வேலை ஒரு மொட்டைக் கடிதத்தோடு வந்தது. திட்ட முகாமையாளர் கோணாமலை களுவாஞ்சிக்குடிக்காரர், சத்தம்போட்டுப் பேசாத மனிதர். அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"கதவச் சாத்திப்போட்டு இரிங்க" என்றார். "ஈச்சந்தோணாவுக்கு நாங்க குடுத்த நாப்பது தோணியில பாதி ஓட்டமாவடிக்குப் போயிட்டாம். எழுதினவன் பேர் போடல்ல. கொழும்புக்கும் ஒரு கொப்பி போயிரிக்கி."

ஈச்சந்தோணா என்பது பனிச்சங்கேணிக்குப் போகும் வழியில் வாவிக்கரையில் கிடக்கும் சின்னஞ்சிறு ஊர். கடல் வந்ததில் இழந்தவர்களுக்கு ஆளுக்கொரு தோணியும் வலையும் கொடுத்தவர் வெளிக்கள உத்தியோகத்தர் முனாப். அவருடைய ஊர் ஓட்டமாவடி. கடிதம் எழுதியவன் பெயரைச் சொல்லாமலே பெயரைச் சொல்லியிருந்தான்.

"முனாப் ஸேரா?" என்றாள் இராசாத்தி.

"நான் ஆரையும் சொல்லல்ல. நீங்க படிச்ச ஆள். போய்ப் பாத்து எழுதுங்க."

முனாபுக்கு விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது. அன்று பின்னேரம் அவளுடைய மேசைக்கு வந்து நின்றார். முப்பத்தைந்து வயது, சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா.

"தங்கச்சி, ஈச்சந்தோணாவுக்குப் போறதெண்டா சுபஹுத் தொழுகைக்குப் பொறகு, நிலம் வெளிக்கிற நேரத்துல தோணித்துறைக்குப் போகணும். பகல்ல போய்ப் பிரயோசனமில்ல. நானும் வாறன்."

"ஏன் பகல்ல பிரயோசனமில்ல?"

முனாப் கதவைப் பார்த்தார், பிறகு யன்னலைப் பார்த்தார். "போனாத் தெரியும்" என்றார். இரண்டடி போய்த் திரும்பி வந்து, "லிஸ்ட்டக் கையில கொண்டு போகாதீங்க" என்றும் சொன்னார்.

இராசாத்தியின் மனதுக்குள் மணி அடித்தது. சோதிக்கப்படுகிறவன் நேரம் குறிக்கிறான், தானும் கூட வருகிறேன் என்கிறான், போதாததற்குப் பட்டியலையும் வைத்துவிட்டுப் போகச் சொல்கிறான். பட்டியல் இல்லாமல் ஒரு கணக்காய்வா? பாடப் புத்தகத்தில் திருடன் என்ற தலைப்பின் கீழ் இதைவிட நல்ல உதாரணம் இருக்க முடியாது. அந்தாளின் பார்வையில்கூட அவளுக்கு ஏதோ ஒளிந்திருப்பதுபோல் பட்டது.

புதன்கிழமை, யாரிடமும் சொல்லாமல், கந்தோர் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு தனியாகப் போனாள். சோதனைச் சாவடியில் இறங்கி, பையைத் திறந்து காட்டி, ஏறி, போர்க்கோட்டுக்கு மற்றப் பக்கத்துச் சாவடியிலும் அதையே செய்து, ஈச்சந்தோணாவுக்குப் போய்ச் சேர மணி பத்தரை. தலையில் தொப்பி, கையில் கோப்பு, கோப்பில் நாற்பது பெயர். ஒவ்வொரு பெயருக்கும் நேரே அடையாள அட்டை இலக்கம்.

முதலில் வேலை சுளுவாக நடந்தது. இருபத்தொன்பது பேரைக் கூப்பிடக் கூப்பிட வந்தார்கள். பெரும்பாலும் விதவைகள், நரைத்த ஆண்கள். தோணியைக் காட்டினார்கள், முன் அணியத்தில் எழுதியிருந்த இலக்கத்தைக் காட்டினார்கள், கையெழுத்தும் வைத்தார்கள். வலையைக் கைகொண்டு தொட்டுப் பார்த்தாள். எல்லாம் சரி.

மிச்சம் பதினொரு பேர். கடைக்காரரிடம் கேட்டாள். பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தவர் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், "அப்படி ஒரு ஆளும் இங்க இல்லையே" என்றார். பதினொரு பெயரையும் ஒவ்வொன்றாக வாசித்தாள். பதினொரு முறையும் தலையாட்டினார். கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டாள். "இல்ல கா. வேற ஊராக்கும்." கோயிலடியில் வலை பொத்திக்கொண்டிருந்த கிழவரிடம் கேட்டாள். அவர் பெயர்களைக் கேட்டு முடிக்கவேயில்லை. "இல்ல புள்ள. நாங்க கேள்விப்பட்டதே இல்ல."

மூன்று வாய், தனித்தனியாக, ஒரே சொல். கொப்பியின் முதல் பக்கம் கண்ணுக்கு முன்னால் வந்தது.

இருந்தாலும் ஒரு வீட்டுக்காவது நேரில் போய்விடுவோம் என்று பட்டியலில் இருந்த சீனித்தம்பி என்பவனின் விலாசத்துக்குப் போனாள். இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுடையது, கலியாணம் முடித்தவன் அங்கே வந்து குடியிருப்பான். ஆகவே வீட்டுக்காரியைக் கேட்டாள். முப்பது வயதுப் பெண், சீதேவிப்பிள்ளை என்று பெயர், வேலிப் படலையைத் திறக்காமல் உள்ளே நின்றபடியே பேசினாள்.

"சீனித்தம்பி எண்டு உங்கட புருசனா?"

"அப்படி ஒரு ஆள் இங்க இல்ல."

கொடியில் ஆம்பிளை உடுக்கும் சாரம் ஒன்று தொங்கியது. நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இது ஆர்ட சாரம்?"

"எங்கட அப்பாட."

"அப்பாவக் கூப்பிடுங்க."

"அவர் செத்து ஆறு வருசம்."

இராசாத்தி அந்தப் பெண்ணை உற்றுப் பார்த்தாள். பொய் சொல்கிறாள் என்பது தெரிந்தது. ஏன் சொல்கிறாள் என்பதையும் இராசாத்தியே முடிவு செய்துகொண்டாள்: முனாப் சொல்லிக் கொடுத்திருக்கிறான், இவளுக்கும் ஏதோ பங்கு இருக்கிறது. கோப்பில் ஒரு குறிப்பு எழுதினாள். அவள் எழுதும்போது சீதேவிப்பிள்ளையின் கை படலைக் கம்பை இறுக்கிப் பிடித்தது. அந்தக் கையையும் பார்த்தாள். கள்ளம் பிடிபட்டவளின் கை என்று நினைத்தாள்.

அறிக்கை அடுத்த நாளே தயார். 'பதினொரு பயனாளிகள் குறித்த கிராமத்தில் இல்லை. மூவரிடம் தனித்தனியாக விசாரித்து உறுதிப்படுத்தப்பட்டது.' கோணாமலை இரண்டு தரம் வாசித்தார். கொழும்புக்கு அனுப்பினார். கொழும்பிலிருந்து ஒருவர் தொலைபேசியில் வந்து, இப்படித் தெளிவான அறிக்கையை மட்டக்களப்பிலிருந்து இதுவரை கண்டதில்லை என்றாராம். நிரந்தர நியமனக் கடிதம் தட்டச்சாகிக்கொண்டிருக்கிறது என்று கோணாமலை சொன்னார். விசாரணை முடியும்வரை முனாபை வீட்டில் இருக்கச் சொல்லியாயிற்று.

முனாப் மேசையைத் துப்புரவு செய்துவிட்டுப் போகும் வழியில் அவளிடம் நின்றார். சண்டை பிடிப்பார் என்று எதிர்பார்த்தாள், அதற்குப் பதிலும் வைத்திருந்தாள்.

"தங்கச்சி, லிஸ்ட்டோட போனீங்களா?"

"ஓம்."

"ம்" என்றார். இரண்டு பேனாவையும் சட்டைப்பையில் குத்திக்கொண்டு படியிறங்கினார். ஒரு மறுப்புக்கூடச் சொல்லாதவன் குற்றவாளிதானே என்று இராசாத்தி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் அந்த 'ம்' அவளோடு பஸ்ஸில் ஏறிச் செங்கலடி வரைக்கும் வந்தது.

அன்று பொழுதுபட, சின்னத்தங்கம் இறால் சொதியும் புட்டும் வைத்திருந்தாள். மகளுக்கு வேலை நிரந்தரமாகப் போகிறது என்று சந்தையில் மூன்று பேரிடமும் சொல்லிவிட்டு வந்திருந்தாள். அண்ணன் வினாயகமூர்த்தி கடையைப் பூட்டிவிட்டு வந்து கை கழுவினான். சந்தியில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருப்பவன். எத்தனை தரம் கழுவினாலும் அவன் நகத்திலிருந்து கறுப்பு போகாது. இராசாத்தி முழுக் கதையையும் சொன்னாள். மூன்று வாய் ஒரே சொல் சொன்னதைக் கொஞ்சம் நடித்தும் காட்டினாள்.

வினாயகமூர்த்தி சாப்பிடுவதை நிறுத்தினான்.

"அந்தப் பதினொரு பேருக்கும் என்ன வயசு?"

"வயசு லிஸ்ட்டில இல்ல."

"அடையாள அட்டை நம்பர் இரிக்கிதானே. முதல் ரெண்டு எண்ணையும் வாசி."

பையிலிருந்து கோப்பை எடுத்தாள். அடையாள அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு எண் பிறந்த வருடம். பால் குடிக்கிற பிள்ளையைத் தவிர எல்லோருக்கும் இது தெரியும். ஒழுங்காகக் கையெழுத்து வைத்த இருபத்தொன்பது பேரையும் முதலில் வாசித்தாள். நாற்பத்தொன்று, முப்பத்தெட்டு, ஐம்பத்திரண்டு, நாற்பத்தேழு. அறுபதுக்கு மேல் ஒன்றுகூட இல்லை. பிறகு பதினொன்றையும் வாசித்தாள். எழுபத்தாறு. எழுபத்தொன்பது. எண்பத்தொன்று. எண்பத்துநான்கு. எண்பது. ஆறாவதுக்கு வரும்போது அவளுடைய குரல் தேய்ந்துவிட்டது.

"எல்லாம் பொடியனுகள், பேர் வாசிச்சுப் புடிச்சிக்கொண்டு போற வயசு" என்றான் வினாயகமூர்த்தி.

சின்னத்தங்கம் அகப்பையை வைத்துவிட்டு நிலத்தில் உட்கார்ந்தாள்.

"தொண்ணூறாம் ஆண்டு உனக்குப் பதினொரு வயசு" என்றான் அண்ணன். "வேலியடியில சுளகோட நிண்டனீ. துவக்கோட வந்தவங்க பேப்பரப் பாத்து என்ட பேர வாசிச்சாங்க. நான் நெல்லு மூட்டைக்குப் பின்னால குந்திக்கொண்டிரிக்கன், எனக்கு எல்லாம் கேட்டது. நீ என்ன சொன்னனீ?"

இராசாத்தி கோப்பை மூடினாள்.

"அப்படி ஒரு ஆள் இங்க இல்ல எண்டு சொன்னனீ. பக்கத்து வீட்டயும் கேட்டாங்க, கடையிலயும் கேட்டாங்க. மூண்டு பேரும் தனித்தனியாத்தான் சொன்னாங்க. ஆரும் ஆருக்கும் சொல்லிக் குடுக்கல்ல. அதாலதான் நான் இண்டைக்குப் புட்டுத் திங்கிறன்."

"நான் பொம்பிளைதானே அண்ணன். தொப்பியும் ஸ்கூட்டியுமாப் போன என்னைப் பாத்து ஆர் பயப்பிடுவாங்க?"

"இப்ப லிஸ்ட்டோட வாறதில பொம்பிளைப் புள்ளைகளும்தான் வாறாளுகள்."

அவளுக்கு வெட்கமாக இருந்தது. சும்மா வெட்கமில்லை, உடம்பெல்லாம் கூசும் வெட்கம். சொட்டிய சாரமும் படலைக் கம்பைப் பிடித்த கையும் திரும்பத் திரும்ப வந்தன. இந்த மண்ணில் பிறந்து வளர்ந்த ஒருத்திக்கு, தன் வாயாலேயே அந்தச் சொல்லைச் சொன்னவளுக்கு, அதே சொல் காதில் விழுந்தபோது அது சான்றாகத் தெரிந்திருக்கிறது.

அடுத்த நாள் ஓட்டமாவடிக்குப் போனாள். முனாபின் வீட்டு வாசலில் அவருடைய மனைவி றஸீனா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்து நின்றாள்.

"முனாப் ஸேர் இரிக்காரா?"

"இல்ல."

"நான் இராசாத்தி. கந்தோரில இரிந்து வாறன்."

"தெரியும். அதாலதான் இல்லெண்டு சொன்னன்."

உள்ளேயிருந்து முனாப் சிரிக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்து கதிரை போட்டார். அவள் தன் பிழையைச் சொன்னாள், அழவும் செய்தாள். அவர் தேநீர் வரும்வரை பொறுத்திருந்தார்.

"நீங்க ஏன் கந்தோரில வாய் திறக்கல்ல?" என்று கேட்டாள்.

"என்னெண்டு திறக்கிற? அந்தப் பொடியனுகள் பகல்ல கண்டல் காட்டுக்குள்ள தோணியில இரிக்கானுகள், வெளிக்கிற நேரம் மட்டும் துறைக்கு வாறானுகள் எண்டு கந்தோரில நிண்டு சொல்லவா? கந்தோரில ஆர் ஆர்ட ஆள் எண்டு உங்களுக்குத் தெரியுமா தங்கச்சி? எனக்குத் தெரியா."

இரண்டு நாள் கழித்து, முனாப் சொன்ன நேரத்துக்கு, முனாபோடு, வெறுங்கையோடு ஈச்சந்தோணாவுக்குப் போனாள். மூன்று விதியில் இரண்டைக் கைவிட்டாயிற்று. முதலாவது மட்டும் மிஞ்சியது: கண்ணால் பார்.

நிலம் வெளித்துக்கொண்டு வந்தது. கண்டல் மரங்களுக்குள்ளிருந்து சத்தமில்லாமல் ஒரு தோணி வந்தது, பிறகு இன்னொன்று. அவள் எண்ணினாள். பதினொன்று. அணியத்து இலக்கங்கள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். மீனை வியாபாரியின் பெட்டியில் கொட்டினார்கள், சோற்றுப் பார்சலை வாங்கினார்கள், யாரும் கரையில் நாலு நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை. சீதேவிப்பிள்ளை மெலிந்த ஒருவனிடம் காய்ந்த சாரத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இராசாத்தியைக் கண்டதும் அவனுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

"நான் எழுத வரல்ல அக்கை. கையில ஒண்டும் இல்ல. பாருங்க" என்று இராசாத்தி இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

முனாப் நடந்ததைச் சொன்னார். தோணி இல்லை என்று எழுதியாயிற்று, தன் வேலை போகப்போகிறது, இந்தப் பிள்ளை அதைத் திருத்த வந்திருக்கிறது. சீதேவிப்பிள்ளை கேட்டு முடித்தாள்.

"அப்ப இவங்க பதினொரு பேரும் இல்ல எண்டு பதிஞ்சாச்சா?"

"ஓம்" என்றாள் இராசாத்தி.

"முத்திரையும் குத்தியா?"

"ஓம்."

"அது நல்லந்தானே. அத ஏன் அழிக்கப் போறீங்க?"

சீனித்தம்பி மனைவியின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து மெதுவாகச் சொன்னான். "மிஸ், நீங்க எழுதுவீங்க. உங்களுக்குப் பொறகு அத ஆர் வாசிப்பாங்க எண்டு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. போன மாதம் கந்தோருக்கு இரண்டு பேர் வந்து, நன்கொடைப் பொருள் எங்கெங்கே போகிறது என்று பார்க்கவேண்டும் என்று அலுமாரியைத் திறக்கச் சொன்னது நினைவுக்கு வந்தது. கோணாமலை திறந்துகொடுத்தார். அவர்கள் எந்தப் பக்கத்து ஆட்கள் என்று அவரும் கேட்கவில்லை, இவளும் கேட்கவில்லை. முனாப் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னைக் காப்பாற்று என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

இரண்டாவது அறிக்கை அரைப் பக்கம். 'நாற்பது தோணிகளும் உரிய நாற்பது பேரிடம் உள்ளன. நான் நேரில் கண்டேன். முதல் அறிக்கை முழுக்க என்னுடைய பிழை. வெளிக்கள உத்தியோகத்தர் மீது குற்றமில்லை. கண்ட இடமும் நேரமும் ஆட்களும் இணைக்கப்படவில்லை.'

கோணாமலை கண்ணாடியைக் கழற்றினார்.

"இடம் நேரம் இல்லாம இது என்ன அறிக்கை? படமாவது இரிக்கா?"

"இல்ல ஸேர்."

"எப்ப வாறானுகள், எங்க நிக்கிறானுகள், ஒரு சின்னப் படம் கீறி இணைச்சா முடிஞ்சுதே. உங்கட வேலையும் நிரந்தரமாகிரும், முனாபும் தப்பிருவார். ஏன் மறைக்கிறீங்க?"

அவர் மேசையில் ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் எடுத்து வைத்தார். நல்ல மனிதராகவும் இருக்கலாம். ஒழுங்கான கோப்பு வேண்டும் என்ற ஆசை தவிர அவர் மனதில் வேறொன்றும் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அந்தப் பென்சில் அவளுக்கு நேரே சீவி வைக்கப்பட்டிருந்தது. மொட்டைக் கடிதம் எழுதினவன் யார் என்பது அந்த நிமிடத்தில்தான் முதல் முறையாக அவளுக்கு ஒரு கேள்வியாக எழுந்தது.

"நான் கண்டன் ஸேர். கையெழுத்துப் போட்டிரிக்கன்."

"கண்டன் எண்டது சான்று இல்லையே. நீங்க படிச்சதுதானே."

"ஓம், படிச்சதுதான்."

தாளைத் தொடாமல் எழும்பினாள். கணக்காய்வாளரே தன் பிழை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டபிறகு முனாபை வீட்டில் இருத்திவைக்க முடியாமல் கூப்பிட்டுவிட்டார்கள், அவர் மறுபடி வேலைக்கு வந்தார். தட்டச்சான நியமனக் கடிதம் எங்கோ போய்விட்டது. மூன்று மாதம் முடிய இராசாத்தியும் வீட்டுக்கு வந்தாள். பதினேழு பேர் பதினெட்டானார்கள். அதில் ஒருத்தி வந்து, "ஒரு படம் கீறிக் குடுத்திரிந்தா என்ன கா?" என்று கேட்டாள். அவளிடம் காரணத்தைச் சொல்லலாமா என்று இராசாத்திக்குத் தெரியவில்லை.

சித்திரை பிறந்து காலம் இன்னும் கெட்டது. சந்தியில் பட்டப் பகலில் ஆட்கள் விழுந்தார்கள். ஒருநாள் காலை பதினொரு மணிபோல், வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. இராசாத்தி பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அறியாத ஆண் குரல், வாசிக்கும் குரல், தன் முழுப் பெயரும் தகப்பன் பெயரும். அவள் கிணற்றுக் கட்டுக்குப் பின்னால் குந்தினாள். பென்சிலும் வெள்ளைத் தாளும் நினைவுக்கு வந்தன. அந்தப் படத்தைக் கீற மறுத்ததற்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று நிச்சயம் பண்ணிக்கொண்டாள்.

அம்மாவின் குரல் சாதாரணமாகக் கேட்டது. "அப்படி ஒரு ஆள் இங்க இல்லையே."

மோட்டார் சைக்கிள் பக்கத்து வீட்டில் நின்றது. பிறகு சந்திப் பக்கம் போனது. அவள் வெயில் உச்சிக்கு வரும்வரை அங்கிருந்து எழும்பவில்லை.

நாலு நாள் கழித்து முனாப் வினாயகமூர்த்தியின் கடைக்கு வந்தார். சைக்கிளில் ஒரு பிழையும் இல்லை. காற்றடிக்கச் சொன்னார், தேநீர் வாங்கிக் குடித்தார், யாரையும் விசாரிக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து இராசாத்தி அண்ணனுக்குச் சோறு கொண்டு வந்தாள்.

"பேரச் சொல்லித் தேடினா ஆள் கிடைக்காது எண்டு எனக்குத் தெரியும்தானே" என்றார் முனாப்.

சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். இன்னொரு நிறுவனத்தில் உள்ளகக் கணக்காய்வாளர் தேவைப்பட்டது. தன் பிழையைத் தானே எழுதிக் கொடுத்து வேலையை இழந்த பிள்ளை ஒன்று இருக்கிறது, வளாகத்தில் படித்தது, விட்டுவிடாதீர்கள் என்று முனாப்தான் சொல்லியிருந்தார். அவர்கள் ஆள் அனுப்பித் தேடினார்கள். போன ஆள் திரும்பிவந்து எழுதிக் கொடுத்தது அந்தத் தாளில் இருந்தது.

'இராசாத்தி என்ற பெயரில் எவரும் குறித்த விலாசத்தில் இல்லை. மூவரிடம் தனித்தனியாக விசாரித்து உறுதிப்படுத்தப்பட்டது.'

இராசாத்தி வாசித்தாள். எழுத்து வேறு, சொல் அவளுடையது. திரும்பவும் வாசித்தாள்.

"அம்மா, பக்கத்து வீட்டுக்காரி" என்றாள். "மூண்டாவது ஆர்?"

வினாயகமூர்த்தி கறுப்பு நகத்தோடு கையைத் தூக்கிக் காட்டினான். "கையில பேப்பர் வெச்சிரிந்தான். நான் வேற என்ன சொல்லுற?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்தது, பிறகு வந்தது வெறும் கண்ணீர். கிணற்றுக் கட்டுக்குப் பின்னால் குந்தியிருந்த அந்த ஒரு மணி நேரத்தை, அந்தப் பதினொரு பேரும் எத்தனை மாதமாகத் தண்ணீரில் இருந்து அனுபவிக்கிறார்கள்.

"நாளைக்குப் பத்து மணிக்கு வரச் சொல்லியிரிக்காங்க" என்றார் முனாப். "முதல் கேள்வி, நீங்கதான் அந்த ஆள் எண்டதுக்கு என்ன சான்று எண்டுதான் இரிக்கும். அடையாள அட்டைய மறந்துராதீங்க."

வீட்டுக்குப் போய் அட்டையை எடுத்தாள். இத்தனை வருடமாகக் கையிலே வைத்திருந்தும் அந்த எண்ணை அவள் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. எழுபத்தொன்பது என்று தொடங்கியது. சீனித்தம்பியின் எண்ணும் எழுபத்தொன்பதில்தான் தொடங்கியது. கைப்பையில் அடியில், கைக்குட்டைக்குக் கீழே வைத்து மூடினாள்.

"போறியா மனே?" என்று சின்னத்தங்கம் கேட்டாள். பயத்தோடுதான் கேட்டாள்.

"போறன் அம்மா. நான் வாறதுக்குள்ள ஆரும் வந்து கேட்டா—"

"அது எனக்குத் தெரியும்" என்றாள் தாய்.